பீச்சாங்கைப் பக்கத்து ஊசி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பசை காய்வதற்குள் எழுதிவிடுகிறேன். மாடல் விமானத்தின் இறக்கை இரண்டும் ஒட்டியாயிற்று. தேவானை ஜன்னலைத் திறந்துவிட்டு, வாரத்தில் ஆறு நாள் பல், ஏழாவது நாள் பிளேனா என்று கேட்டுவிட்டுப் போனாள். பல் செட் செய்கிறவனைக் கட்டிக்கொண்டவள், இதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த முறை எனக்காகச் செய்யவில்லை. எங்கள் அடையாறு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் ரோஸிக்காக. அவள் அப்பா மாசிலாமணி விமானப்படையில் ஃபிட்டர். மிக்-21 விமானங்களில் தகடு வேலை. பிப்ரவரியில் இறந்துபோனார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று வீட்டில் அவர் வேலை பார்த்த விமானத்தை வைக்க ஆசைப்படுகிறாள். "ஏதோ ஒரு பிளேன் இல்லண்ணா. எங்கப்பா கை வச்ச பிளேன்."

அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ரோஸி போட்டோ கொண்டுவந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு வெள்ளை. விமானத்தின் மூக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட இளைஞன். யாரோ அதிகாரி எடுத்துக் கொடுத்ததாம். வேலைக்காலத்துப் படம் இது ஒன்றுதான். ஆனால் சுவரில் மாட்டியிருப்பது ஆதார் அட்டை முகத்தைப் பெரிதாக்கியது.

ஏன் இதை மாட்டவில்லை என்று கேட்டேன். "அம்மாவுக்கு இந்த போட்டோவே புடிக்காதுண்ணா. அவரு மாரியே இல்லன்னு பொட்டிக்குள்ள போட்டுட்டாங்க."

தன் புருஷனையே அவர் மாதிரி இல்லை என்பார்களா? விசித்திரமான அம்மா.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று போல ஒரு காலை கிடைத்து வெகு நாளாயிற்று. போட்டோவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். எண்ணோ எழுத்தோ படத்தில் விழவில்லை, ஆனால் விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே, இடப்பக்கத்தில், ஒரு சின்னச் சதுரம். ஒட்டுத் தகடு! ரோஸியின் அப்பா அடிக்கடி சொல்வாராம்: அந்த பிளேன்ல என் ஒட்டு ஒண்ணு கீது, பன்னெண்டு ரிவிட்டு. எண்ணினேன். பன்னிரண்டு. எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன்.

இன்னொன்று. காற்றின் வேகத்தை அளக்க மூக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். நான் அதை ஊசி என்றுதான் சொல்வேன், செய்வதும் பல் பிடுங்க மரப்பு ஊசி போடும் புது ஊசியில்தான். பெட்டியோடு வந்த குறிப்பு அதை நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி வைக்கச் சொல்கிறது. போட்டோவில் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. பெட்டிக்காரன் தப்பு. போட்டோ பொய் சொல்லுமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

தி. நகரில் மாடல் விமானம் செய்கிறவர்களின் மாதக் கூட்டம். ஏழு பேர், ஒன்பது விமானம். மயிலாப்பூர் கல்யாணராமன் என் மிக்-ஐ மூக்கருகே தூக்கிப் பார்த்தார். அவர் பார்ப்பதே குறை கண்டுபிடிக்கத்தான்.

"ஊசி தப்பு, செம்பியன். விமானி உக்காந்துண்டு பாத்தா வலப்பக்கம் வரணும். நம்மாத்துல புஸ்தகம் இருக்கு, வந்து பாருங்கோ."

அந்த ஒரு விமானத்தில் மட்டும் மாற்றி வைத்திருக்கலாமே என்றேன். அப்படி யாரும் மாற்ற மாட்டார்கள் என்றார். போட்டோவைக் கேட்டார். காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? கையிலிருந்த பைக்குள்தான் இருந்தது. புஸ்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் எதிரில் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஊசி இடப்பக்கம்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

விமானப்படையில் மிக்-21க்கு இன்றோடு ஓய்வு. ரோஸி கிளினிக் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தாள், டோக்கன் கொடுக்க மறந்து.

அக்டோபர் 9, வியாழன்

ஒட்டுத் தகடு ஆயிற்று. சாப்பாடு கட்டித் தரும் அலுமினியத் தாளில் வெட்டி, பின்பக்கத்திலிருந்து ஊசி முனையால் பன்னிரண்டு புள்ளி. ஏழு தாள் வீண். எட்டாவதில் வந்தது. இடப்பக்கம் ஒட்டினேன். அழகு.

கல்யாணராமன் இன்னும் பேசவில்லை. நானும்தான்.

அக்டோபர் 16, வியாழன்



மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் ரோஸியை லேபுக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிய படத்தையும் விமானத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பாராட்டுக்குத்தான், வேறெதற்கு. அவள் விமானத்தைப் பார்க்கவே இல்லை. திரையில் அப்பாவையே பார்த்தாள். சின்னப் போட்டோவில் வெறும் கறையாகத் தெரிந்தது, இதில் டீ கிளாஸ் என்று தெரிகிறது. வாயருகே கொண்டுபோகிறார்.

"இன்னாண்ணா இது, பீச்சாங்கையில குடிக்கிறாரு?"

அந்தக் கை சும்மா இருந்திருக்கும், அதில் வாங்கியிருப்பார் என்றேன்.

"இல்லண்ணா. எங்கப்பா சோத்தாங்கை ஒடைஞ்சு ஒரு மாசம் கட்டு போட்டிருந்தாரு. அப்பகூட அம்மாதான் டீயே ஊட்டுனாங்க. பீச்சாங்கைய வாய்கிட்ட கொண்டுபோவவே மாட்டாரு. இது அவரு இல்ல."

அவள் அப்பாவின் வேலைக்காலத்து ஒரே படமும் வேறு யாருடையதோ என்று ஆகிவிட்டால்? அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மௌஸை இரண்டு தட்டுத் தட்டிப் படத்தை இடம் வலமாகத் திருப்பினேன்.

கிளாஸ் சோத்தாங்கையில். ஒட்டுத் தகடு வலப்பக்கம். ஊசி வலப்பக்கம்.

ஃபிலிமைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறான் எவனோ ஒரு ஸ்டுடியோக்காரன். அவனைச் சொல்லி என்ன? இருபத்தாறு வருஷமாகப் பல் அச்சு பார்க்கிறவன் நான். என் இடது நோயாளிக்கு வலது. கண்ணாடியில் பார்த்து, திருப்பிப் போட்டு, அதில்தான் என் பிழைப்பே. எனக்குத் தெரியவில்லையே! ரிவிட் எண்ணத் தெரிந்தது. அந்த மனுஷன் கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

ரோஸி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

கல்யாணராமனுக்குப் போன் செய்தேன். ஊசி வலப்பக்கம்தான் சார், நான் பேசினது தப்பு என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எப்படிக் கண்டுபிடிச்சேள்?" என்றுதான் கேட்டார். டீ கிளாஸ் கதையைச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அக்டோபர் 26, ஞாயிறு

உடைத்து, தேய்த்து, மறுபடி பெயிண்ட். பழைய தகடு பிய்ந்துபோயிற்று. புதுத் தகடு மூன்றாவது தாளிலேயே வந்தது.

கல்யாணராமன் புஸ்தகத்தோடு வந்திருந்தார். தேவானை போட்ட காப்பியை இரண்டு பேரும் குடித்தோம். அவர் எந்தக் கையில் குடிக்கிறார் என்று பார்த்தேன். இனி இந்தப் புத்தி போகாது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறையிலிருந்து அவர்கள் திரும்பிய பிறகு ஊரூர் குப்பத்தில் ரோஸி வீட்டுக்குப் போனேன். ரோஸியின் அம்மா வசந்தி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்லா கீது நைனா என்றார். டி.வி. பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். ஊசியைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ரிவிட்டைப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமே இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

அப்புறம் பையிலிருந்த இன்னொன்றை எடுத்தேன். சரியாகத் திருப்பிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிய போட்டோ. திருப்பிய கதையை நானும் சொல்லவில்லை, ரோஸியும் சொல்லவில்லை.

வசந்தியம்மா வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பினார். சட்டத்தை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிடிக்காத படத்தைப் பெரிதாக்கி வேறு கொண்டுவந்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இவருதான்," என்றார். "இவருதான் எங்க வூட்டுக்காரரு. இத்தினி நாளு எங்க இருந்துச்சு இந்த போட்டோ?"

பெட்டிக்குள்ளதாம்மா இருந்துச்சு என்றாள் ரோஸி.

வசந்தியம்மா நம்பவில்லை. சுவரில் இருந்த ஆதார் படத்தைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, அதே ஆணியில் இதை மாட்டினார். கோணலாக இருந்தது. வலப்பக்கம் கொஞ்சம் தூக்கணும் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"சோத்தாங்கைப் பக்கம்மா."

தூக்கினார். சரியாக இருந்தது.