பாலத்தில் நின்றுபோன புள்ளி

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தையும் உன் போனின் சுகத்தையும் ஒன்றாக விசாரித்து எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். பேச ஆரம்பித்தால் விஷயத்துக்கு வருவதற்குள் உன் போன் அணைந்துவிடுகிறது, செய்தி அனுப்பினால் 'சரி' என்று ஒற்றைச் சொல் வருகிறது. அந்தச் சரிக்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் நீ என் பெண்தான். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இது நடுவில் அணையாது.

போன வாரம் நடந்ததற்கு நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. பஸ் ஆற்றுப்பாலத்தில் போகும்போது உன் போன் செத்துப்போயிற்று. இங்கே அம்மாவின் போனில், நீ இருக்கும் இடத்தைக் காட்டுகிற புள்ளி பாலத்து நடுவிலேயே நின்றுவிட்டது. அவள் என்ன நினைத்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கல்லூரியிலிருந்து வீடு வருவதற்குள் பெரியப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள், அவர் உன் தொழிற்சாலைக் காவலாளியைக் கூப்பிட்டார், காவலாளி இரவுப்பணி மேற்பார்வையாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார், அந்த மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். நீயோ அறையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் உன் மை சோதனைக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் "பாலம் வந்தாச்சா, நீந்தியா வந்தே?" என்று கேட்டார்களாமே. "நான் இங்க வேலை பாக்க வந்தேனா, தொலைஞ்சு போக வந்தேனா? இனிமே என்னைத் தேடாதீங்க" என்று நீ போனில் சொன்னதை அம்மா என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள். அன்றிலிருந்து போன் அடித்தால் கையைத் துடைக்காமலே ஓடுகிறாள், நீயில்லை என்றதும் மெதுவாகத் திரும்பி வருகிறாள்.

அந்தக் குடும்பக் காவல் செயலியைச் சிபாரிசு செய்தது யார் என்று உனக்குத் தெரியும். உன் பட்டமளிப்பு விழாவில் பெற்றோருக்கென்று போட்டிருந்த நாற்காலியில், என்னவோ தானே உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மாதிரி போய் உட்கார்ந்த உன் பெரியப்பாதான். அந்தப் படத்தில் தூணுக்குப் பக்கத்தில் என் காது மட்டும் தெரிகிறது. மறந்துவிடுங்கள் என்று நீயும் பல தடவை சொல்லிவிட்டாய், என்ன செய்வது, எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது. "போட்டுக்கோங்கம்மா, பொண்ணு எங்க போனாலும் உள்ளங்கையில இருப்பா" என்று அம்மாவிடம் சொன்னாராம். உள்ளங்கையில் இருந்ததன் லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

நான் படித்த இயற்பியல், துறைத்தலைவர் நாற்காலிக்குப் போதவில்லை என்று கல்லூரி முடிவு செய்துவிட்டது, இதற்காவது ஆகட்டும் என்று சனியும் ஞாயிறும் ஒரு சோதனை செய்தேன். சனிக்கிழமை அம்மாவின் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, மொட்டைமாடியில் நின்று என் போனிலிருந்து அந்தச் செயலியின் 'இப்போது எங்கே' பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கீழே அந்தப் போன் விழித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தேடி, டேட்டாவைச் செலவழித்துப் பதில் அனுப்புகிறது. யாரும் தொடாமலே மதியத்துக்குள் அதன் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே நின்றேன், ஆனால் பொத்தானைத் தொடவில்லை, சாயங்காலம்வரை சார்ஜ் பெரிதாக இறங்கவே இல்லை. "இதுக்கா ரெண்டு நாளா வெயில்ல நின்னீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க என்னாச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் அம்மா. ஆகவே உன் போன் பழசு என்று நீ நினைப்பது தவறு. அம்மா, பெரியப்பா, நான், மூன்று பேரும் இங்கிருந்து உன் போனை உலுக்கி உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். அது செத்ததும் புள்ளி நிற்கிறது, புள்ளி நின்றால் பயத்தில் இன்னும் அழுத்துகிறோம். புதுப் போன் வாங்கினாலும் இதே கதிதான்.

இனி நான் சொல்வதைச் செய். முதலில் அந்தச் செயலியில் இருப்பிடப் பகிர்வை அணைத்துவிட்டு, செயலியையே நீக்கிவிடு. உன் சோதனைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது, அங்கே சிக்னல் கிடையாது, போன் நாள் முழுக்கக் கோபுரத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறது, உள்ளே நுழையும்போதே விமானப் பயன்முறையில் போட்டுவிடு, வெளியே வந்ததும் எடுத்துவிடு. அமைப்புகளுக்குள் பேட்டரி என்ற பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும், பெரிய தீனிக்காரர்களுக்குப் பின்னணி டேட்டாவை நிறுத்து. குடும்பக் குழுவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை அணைத்துவிடு. தினமும் காலையில் ரோஜாப்பூவும், தன் வீட்டு மாடிப்படியை ஏழு கோணத்தில் எடுத்த வீடியோவும் அனுப்புகிறவர் யார் என்று நான் சொல்லவில்லை, அதற்கெல்லாம் உன் டேட்டா அழ வேண்டாம். பஸ்ஸில் கேட்கும் பாட்டை அறையில் வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள். திரை வெளிச்சத்தைக் குறை, திரை சீக்கிரம் அணைகிற மாதிரி வை. சார்ஜ் ஏறும்போது தலையணைக்கடியில் வைக்காதே, சூடுதான் பேட்டரிக்கு எமன். சூடானால் ஓரமாக வை, போதும், எங்கள் துறைத்தலைவர் மாதிரி ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதே. அவரும் இயற்பியல் படித்தவர்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ பேசாட்டியும் போகுது, அந்தப் புள்ளி நகர்ந்தா எம்பொண்ணு நடந்துக்கிட்டிருக்கான்னு நெனச்சுக்குவேன், அதையும் புடுங்கணுமா?" என்றாள்.  நான் கேட்டேன், இந்தச் செயலி வருவதற்கு முன்னால் நீ அவளிடம் என்னவெல்லாம் சொல்வாய் என்று. மஞ்சள் மை உன் காலுறைக்குள் போய் ஒரு வாரம் கால் மஞ்சளாக இருந்தது, அறைத்தோழி தூக்கத்தில் கணக்குச் சொல்வது, எல்லாம் அம்மாவுக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. செயலி வந்த பிறகு அவள் உன்னிடம் கேட்டதெல்லாம் "மருந்துக்கடை வாசல்ல ஏன் அவ்ளோ நேரம் நின்னே?" என்பது, நீ சொன்னது "தலைவலி" என்பது. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். இதைச் சொன்னதும் அவள் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கி முடித்தாள். அப்புறம், "சரி, அணைக்கச் சொல்லுங்க. ஆனா அதை அவளே அணைக்கட்டும், நீங்க இங்கேருந்து ஒண்ணும் தட்டாதீங்க" என்றாள். நானும் தட்டவில்லை. பெரியப்பா போனிலிருந்தும் நீ மறைந்துபோவாய், ஏன் என்று கேட்டால் அப்பா சொன்னார் என்று தயங்காமல் சொல், அந்தக் கெட்ட பெயர் எனக்கு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைவலிக்கு மாத்திரை மட்டும் போதாது, கண்ணைப் பரிசோதித்துக்கொள். எடுத்த வேலையில் நீ தலைநிமிர்ந்து நிற்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு.

ஒன்று மறந்துவிடாதே. அணைக்கப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். புள்ளி மறைந்தால் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவள் யாரையும் கூப்பிட மாட்டாள், போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து நீ கூப்பிடு. பேட்டரி இருக்கும்.

அன்புடன்,
உன் அப்பா