இரண்டு பேருக்கான கதவு

ஜூன் 7, சனி

கச்சான் காற்று. காலை எட்டுக்கே முகம் வெந்துவிட்டது. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று இரண்டு தரம் ஊதியது, உடனே கரண்ட் போனது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் கப்பலைத்தான் திட்டினேன்.

செய்ய வேண்டியவை:
அம்மாவின் பிரஷர் குளிசை.
தண்ணீர் பில்.
ராஜினாமாக் கடிதம். வெள்ளி பின்னேரத்துக்குள் பொறியியலாளர் கையில். ஒரு மாத முன்னறிவித்தல்.

பதினொரு வருடம் அந்தக் கந்தோரில் படம் வரைந்தாயிற்று. வடிகால், மதில், இறங்குதுறை, மறுபடி வடிகால். நிரந்தர வேலை. விட்டால் திரும்பக் கிடைக்காது. பக்கத்து மேசை ரிஸ்வானாவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். ர.வுக்கு இன்னும் தெரியாது. என் மனுசனுக்கே தெரியாமல் வேலையை விடுகிறேன், அவரோடு போய் இருப்பதற்காக. அவருக்குச் சொல்கிற இடம் நிலவறைக்குள் இருக்கிறது.

இது ஐந்தாவது நிலவறை. கலியாணம் கட்டிய புதிதில் பழைய கணினிச் சாகச விளையாட்டுகளை இருவரும் விடிய விடிய ஆடுவோம். அவர் ஆடுவார், நான் சதுரக் கொப்பியில் வரைபடம் போடுவேன். எங்கே சாவி, எங்கே பூட்டு, எந்தச் சுவருக்குப் பின்னால் வெற்றிடம். அவர் வேலைக்கு டோஹாவுக்குப் போன பிறகு, ஒவ்வொரு லீவுக்கும் முன் நானே கணினியில் ஒரு நிலவறை விளையாட்டுச் செய்து அனுப்புகிறேன். அவர் முடித்துவிட்டு வருவார். வந்து எது கள்ளத்தனமான புதிர் என்று சண்டை பிடிப்பார்.

இந்த முறை முடிக்க முடியாது. கடைசிக் கதவு இரண்டு பேருக்கானது. அடுத்த மாதம் லீவில் வந்து, என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தால்தான் திறக்கும். உள்ளே ஒரு பெட்டகம், அதற்குள் என் கடிதம்: "நானும் வாறன். வேலையை விடுறன். லீவு முடிய ரெண்டு பேரும் சேர்ந்தே போவம்."

அனுப்பி மூன்று நாள். நிலவறையில் பாதி தூரம் வந்திருப்பார்.

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணிக்கு ர. அழைத்தார். அங்கே பெருநாள் விடுமுறை, நாலு நாள். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. குளிரூட்டியாம்.

பெட்டகத்தைத் திறந்துவிட்டாராம், வாசித்துவிட்டாராம். சந்தோசமாம். பிறகு, "இஞ்சாரும், வேலையை விடுறதுக்கு அவசரப்படாதையும். நான் வந்தாப்பிறகு கதைப்பம்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிச் சப்பென்று உடைத்துவிட்டாரே என்று. அவசரப்படாதே என்றது அதற்கு மேல் குத்தியது. மூன்று நிமிடம் கதைத்திருப்போம். வைத்துவிட்டேன்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கதவு எப்படித் திறந்தது?

துருவலையை அப்படியே விட்டுவிட்டு வந்து திரும்ப அழைத்தேன். எப்படித் திறந்தனீங்கள் என்று கேட்டேன்.

"தனியத்தான். ஏன், நான் செய்ய ஏலாதோ?"

சிரித்தார். நானும் சிரித்தேன். படம் கேட்டேன். அனுப்பினார். கணினித் திரையைப் போனில் எடுத்த படம். ஆளுக்கொன்றாக நான் செய்த நீல உருவம், சிவப்பு உருவம், இரண்டும் பெட்டகத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

சம்பல் போடவில்லை. அம்மா பாணை வெறும் பருப்போடு சாப்பிட்டா.

ஜூன் 9, திங்கள்

வெயில் அதே. கந்தோர் வாசலில், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பின் மட்டையைத் தின்றுகொண்டிருந்தது. காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரிஸ்வானா கிண்ணியாவிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். இரண்டு துண்டு தின்றேன். ருசி தெரியவில்லை. கடிதம் தட்டச்சுப் பண்ணியாச்சா என்று கேட்டாள். ஓம் என்றேன். பொய் இல்லை. கைப்பைக்குள் இருக்கிறது.

நாள் முழுக்க வடிகால் படத்துக்கு அடியில் அந்தக் கதவை வரைந்துகொண்டிருந்தேன். எங்கே ஓட்டை?

விளையாடுபவர் மாட்டிக்கொண்டால் பிழை அமைத்தவருடையது. விளையாடுபவர் குறுக்கே புகுந்து போனாலும் பிழை அமைத்தவருடையதுதான். இந்தத் தொழிலில் ஆடுகிறவரைக் குற்றம் சொல்லக்கூடாது. பூட்டை முதலில் காட்டு, சாவியைப் பிறகு கொடு. திரும்பி வர வழியில்லாத இடத்தில் ஆளை விடாதே. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். எண்ணிப் பார்த்தேன்: ஐந்து சாவி, ஐந்து பூட்டு.

ஆகவே கதவில் ஓட்டை இருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. இருக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர் இல்லை. காலை ஆறு தொடங்கி கணினிக்கு முன்னால்.

அந்த அறையில் இரண்டு கற்கள் மட்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நீலம் ஒன்றில் நிற்க வேண்டும், சிவப்பு மற்றதில். நின்றால் போதாது. ஒவ்வொருவரும் இரண்டு விசைகளை மாறி மாறித் தட்ட வேண்டும், நீலத்துக்கு ஒரு தாளம், சிவப்புக்கு வேறு தாளம். இருபது எண்ணும் வரை. ஒருவர் ஒரு கணம் தவறினால் கதவு மறுபடி கீழே. நாலு கை வேண்டும். வேண்டுமென்றே அப்படிச் செய்தேன். அந்தக் காலத்தில் இரண்டு ஆள் விளையாட்டுகளில் ர. எனக்கு வேலை வைக்காமல், மற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் காலடியில் போட்டுப் பெருவிரலால் அழுத்துவார். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டின கதவு.

இன்று செய்து பார்த்தவை:
விசையில் ரப்பர் பட்டி. சரிவரவில்லை. அழுத்தி வைத்தால் போதாது, விட்டு விட்டுத் தட்ட வேண்டும்.
உடுப்புக் கிளிப். அதே கதை.
வலக்கையால் ஒரு தாளம், இடக்கையால் மற்றது. ஆறு எண்ணும் வரை. கூடினால் ஏழு.
கீபோர்ட்டைத் தரையில் வைத்து கால் விரல். மூன்று.
குனிந்து நாடியால் விசையைத் தட்டி. எழுத வெட்கமாக இருக்கிறது.

அம்மா வந்து கதவடியில் நின்று பார்த்தா. "என்ன பிள்ளை, காலால ஆர்மோனியம் வாசிக்கிறியோ?" வேலை என்றேன். போயாவிலயும் வேலையோ என்று முணுமுணுத்துக்கொண்டு போனா.

ஆடாமலே, விளையாட்டுக் கோப்பைப் பிரித்து உள்ளே இருந்த கடிதத்தை வாசித்திருப்பாரோ? அதுவும் யோசித்தேன். ஆனால் படத்தில் இரண்டு உருவமும் உள்ளே நிற்கின்றன. அதை மாற்றுகிற அளவுக்கு அவருக்குத் தெரியாது. ஒரு கோப்பைச் சுருக்கி அனுப்பவே என்னை அழைத்துக் கேட்கிற மனுசன்.

பின்னேரம் கோயிலுக்குப் போனேன். நான் கட்டின புதிர் பிழையாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். இப்படி ஒரு வேண்டுதல் அந்தப் பிள்ளையாருக்கு இதுவரை வந்திருக்காது.

ஜூன் 11, புதன்

நித்திரை இல்லை. கண் எரிகிறது.

அறை நண்பரோடு திறந்திருந்தால்? அதைத்தான் காலையிலிருந்து நினைக்கிறேன். அப்படியென்றால் சொல்லியிருக்கலாமே. "பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டனான்" என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் கோபித்துவிட்டு மறந்திருப்பேன். வேறு யாரோடும் ஆட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிறகு ஏன் தனிய என்றார்?

மதியம் குறுஞ்செய்தி போட்டேன். பெருநாளுக்கு நண்பர்கள் எல்லாம் எங்கே என்று, சும்மா கேட்பதுபோல. உடனே பதில்: எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், போன வியாழனிலிருந்து அறையில் நான் மட்டும்தான், சமையலும் நானே.

கை குளிர்ந்துவிட்டது. கச்சான் காற்று அடிக்கிற ஊரில், மின்விசிறி கூடப் போடாமல், கை குளிர்ந்துவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

மதிய இடைவேளை. ரிஸ்வானாவை என் மேசைக்கு இழுத்துவந்து மடிக்கணினியைத் திறந்தேன். வாழ்க்கையில் ஒரு விளையாட்டும் ஆடாதவள். மகளின் பள்ளிக்கூடப் பயிற்சியைத் தவிர கணினியில் வேறொன்றும் திறக்காதவள். நீ சிவப்பு, இந்த இரண்டு விசைகளையும் இப்படித் தட்டு என்று காட்டினேன்.

முதல் தரம் பதினொன்று வரை. இரண்டாம் தரம் அவள் சிரித்ததில் கெட்டது. மூன்றாம் தரம் கதவு மேலே போனது. முழுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா புள்ள? இதுக்கா ரெண்டு நாளா முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டிருக்காய்?"

நீலமும் சிவப்பும் பெட்டகத்துக்கு முன்னால் போய் நின்றன. ர. அனுப்பின படத்தில் நிற்கிற அதே இடம். ஒருவருடைய விசைகளுக்கு மேலால் கையை நீட்டாமல் மற்றவர் தட்ட முடியாது, அவ்வளவு நெருக்கமாக வைத்திருந்தேன். அவருடைய கை என் கையில் படட்டும் என்றுதான். ரிஸ்வானாவின் வளையல் என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டே இருந்தது.

அழுதுவிட்டேன். கந்தோரில், வடிகால் படங்களுக்கு நடுவில். ரிஸ்வானா கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டாள். சொன்னேன். திட்டுவாள், ஆம்பிளைகளே இப்படித்தான் என்று தொடங்குவாள் என்று பார்த்தேன். எழும்பிப் போனாள். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாக, கடிதத்தை நாளைக்குக் கொடுக்காதே, எல்லாம் விளங்கட்டும் என்றாள்.

நாளைக்குக் கொடுக்காவிட்டால் அவருடைய லீவுக்குள் விடுபட முடியாது, அவரோடு சேர்ந்து போகவும் முடியாது என்றேன். அது தெரியும் என்றாள்.

இரவு சாப்பாடு: இடியப்பம். இரண்டு.

ஜூன் 13, வெள்ளி

காற்று கொஞ்சம் தணிவு. உட்துறைமுகத்தில் தண்ணீர் அசையவில்லை.

பொறியியலாளர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். கடிதம் பையில். காலையிலிருந்து மூன்று தரம் எழும்பி மூன்று தரம் உட்கார்ந்தேன். ஐயா இன்றைக்கு நல்ல மனநிலை, பியோனுக்குப் பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். மேசையில் என் அடுத்த வேலை வந்து கிடக்கிறது. சந்தைக்குப் பின்னால் ஒரு மதில்.

இரண்டே முக்காலுக்கு மாடிப்படியில் நின்று ர.வை அழைத்தேன். அவருக்கு வெள்ளி விடுமுறை. எடுக்க நேரம் எடுத்தது. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம், பிறகு அது நின்றது. அவர் நிறுத்தியதாகத் தெரியவில்லை, பேசிக்கொண்டேதான் இருந்தார்.

எல்லா வசனமும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அந்தக் கதவு ஒருவருக்குத் திறக்காது, யார் உங்களோடு இருந்தது, அவ்வளவுதான். குரலைக் கேட்டதும் ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டீரா என்றார். சாப்பிட்டன் என்றேன். கடிதம் குடுத்திட்டீரோ என்றார். இன்னும் இல்லை. அது நல்லது என்றார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த மௌனம் எனக்கு ஏலாமல் போனது. மோசமாகப் புதிர் அமைக்கிறவர்கள் செய்கிற வேலையைச் செய்தேன். ஆள் முழிக்கிறதைப் பார்க்கப் பொறுக்காமல் விடையை நானே எடுத்து நீட்டினேன். பொறி வைக்க நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. அவரைத் தப்பவைக்க வேண்டும் என்றுதான் வாயில் வந்தது.

"நான் யோசிச்சுப் பார்த்தன். அந்தக் கதவு... பானையைத் தள்ளிக் கல்லில வைச்சுத்தானே திறந்தனீங்கள்?"

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு பழைய சிரிப்பு, கலியாணம் கட்டிய புதிதில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஓம் ஓம், பானைதான். கண்டுபிடிச்சிட்டீர் என்ன?"

சரி என்றேன். வைத்துவிட்டேன்.

மூன்று பத்துக்கு மேசைக்கு வந்தேன். ரிஸ்வானா எழும்பி என் கதிரையை இழுத்துத் தந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். அந்த அறையில் பானையே இல்லை என்றேன்.