பின்கண்ணாடியில் நம் வாலு

என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும், உன் வீட்டுக்காரர் நம் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ஆஸ்பத்திரி விடுதியில் நீயும் உன் மகள், நம் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லவாவது நீ போனை எடுக்க வேண்டும். எடுக்கமாட்டேன் என்கிறாய். மெசேஜ் அனுப்பலாம் என்றால் அந்தப் போன் பாதி நேரம் பிள்ளை கையில்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்த காலம் போய் இப்போது கடகடவென்று படிக்கிறாள். அதனால்தான் காகிதம். பார்சல் வேன்காரரிடம் கொடுத்து, உன் கையில் மட்டும்தான் தர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். வெளியே போய்ப் படி. அவள் கட்டிலில் உட்கார்ந்து படிக்காதே.

முதலில் உன் கோபத்தைப் பேசிவிடுவோம். "ஒரு பைசா வேண்டாம், எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க" என்று நீ வேன்காரரிடம் கத்தி அனுப்பியதை அவர் அப்படியே வந்து சொன்னார். பேயறைந்த மாதிரி நின்றார் மனுஷன். அவர் சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்றே எங்களுக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை வேலை செய்யும் வொர்க்‌ஷாப்பில் வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவி நிதி திரட்டப் போவது உனக்குத் தெரியும். யார் வண்டி கொண்டுவந்தாலும் மெக்கானிக்குகள் கூலி வாங்காமல் கழுவித் தருவார்கள், வண்டிக்காரர் மனசுக்குத் தோன்றியதை உண்டியலில் போடலாம், அது வாலுவின் அடுத்த சுற்று மருந்துக்கு என்று பேச்சு. நல்ல எண்ணம்தான். ஆனால் நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பை ஹெட் மெக்கானிக்கிடம், அதுதான் நம் ஹாரன் அண்ணனிடம் விட்டார்கள். அவருக்கு மெதுவாகப் பேசவும் தெரியாது, மெதுவாக எழுதவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் முடி கொட்டிப்போய் அவள் உட்கார்ந்திருக்கும் படத்தை மாப்பிள்ளையின் போனிலிருந்து வாங்கி, "உயிருக்குப் போராடும் இந்தப் பிஞ்சைக் காப்பாற்றுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் அடித்துவிட்டார். ரிப்பேருக்கு வந்த எந்த வண்டியும் பின்கண்ணாடியில் அது ஒட்டாமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வேறு.

பிரேக் பார்க்க வந்த பார்சல் வேனிலும் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வேன்தான் வாராவாரம் உங்களுக்குத் துணிமணி கொண்டுவருகிறது, அது போய் நிற்பது அவள் ஜன்னலுக்கு நேர் கீழே, அவள் எட்டிப் பார்த்துக் கையாட்டுவாள் என்பது ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சேதி தெரிந்ததும் இஸ்திரிக் கடையை அப்படியே போட்டுவிட்டு வொர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அங்கே நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஹாரன் அண்ணன் விடவில்லை. "முகத்தைக் காட்டாம கேட்டா எவன்மா குடுப்பான்? பரிதாபம் வந்தாத்தான் பாக்கெட்ல கை போகும்" என்றார். அப்படியானால் உங்கள் பெண் படத்தை ஒட்டி வசூல் பண்ணுங்கள் என்றேன். கையில் இருந்த நோட்டீஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டார். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உனக்குத் தெரியாததா?

அதற்குள் மாப்பிள்ளை சோப்புத் தண்ணீரும் பிளேடுமாய், ஷெட்டில் நின்ற வண்டிகளில் இருந்ததையெல்லாம் சுரண்டிக்கொண்டிருந்தார். வேனில் இருந்ததை மட்டும் அவர் சுரண்டவில்லை. ஊறவைத்து, ஓரத்தைப் பிடித்து, கிழியாமல் உரித்தார். எழுத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நீ அவர்மீதும் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். படத்தைக் கொடுத்தது அவர்தான். ஆனால் அந்த மனுஷன் சாப்பிடுகிறாரா தூங்குகிறாரா என்று எனக்கே தெரியவில்லை. அவரிடமாவது ஒரு வார்த்தை பேசு.

கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். "அங்க எங்க பொண்ணு மட்டுமா இருக்கா?" என்று கேட்டார். நீங்கள் தங்கியிருக்கும் அந்த விடுதியில் ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைக்கும் அத்தனை தாய்மாரைப் பற்றியும், பஸ் காசுக்கு வழியில்லாமல் பாதி வைத்தியத்தில் ஊருக்குத் திரும்பிப் போன குடும்பத்தைப் பற்றியும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை. அதனால் இப்போது படமும் கிடையாது, பேரும் கிடையாது. விடுதியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் குடும்பத்துக்கும் என்றுதான் நோட்டீஸ். ஹாரன் அண்ணனே மறுபடி எழுதினார், கறுப்பு எழுத்தில்.

இதில் நான் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். எல்லோருக்கும் பிரித்தால் நமக்கு வருவது குறையும் என்று அங்கேயே ஒருவர் எச்சரித்தார். பரவாயில்லை, என் தங்கை சம்மதிப்பாள் என்று உனக்காக நான் வாக்குக் கொடுத்தேன். அடுத்த சுற்றுக்கு அது காணுமா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. திட்டுவதானால் திட்டு. ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. நீ வேண்டாம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுவோம். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் பசிக்கும் இல்லையா?

இனிமேல்தான் விஷயம். இதுவரை எழுதியதெல்லாம் இதை எழுதத் தைரியம் வருவதற்காகத்தான்.

நேற்று உன் போனிலிருந்து அழைப்பு வந்தது. நீதான், கோபம் ஆறிவிட்டது என்று சந்தோஷமாக எடுத்தேன். வாலு பேசினாள். நீ துணி துவைக்கப் போயிருந்தாயாம். "பெரியம்மா, நான் செத்துப் போயிடுவேனா?" என்று கேட்டாள். மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். யாருடி சொன்னது என்றேன். வேனில் எழுதியிருந்ததே என்றாள். அது நீயில்லை, உன்னை மாதிரி வேறு ஒரு பெண் என்று நீ சொன்னாயாம். படத்தில் இருந்தது தன் சட்டைதான் என்று, அதில் காது கிழிந்த முயலைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைச் சமாதானம் பண்ணினாள். "அழாதீங்க பெரியம்மா. அம்மாவுக்கு இது தெரியாது. எனக்கு ரத்தம் கம்மின்னுதான் அவங்க நெனச்சிட்டிருக்காங்க. தெரிஞ்சா ரொம்ப அழுவாங்க, சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வைத்தாள். தேய்த்துக்கொண்டிருந்த சட்டை கருகி வாசம் வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அந்தச் சத்தியத்தை இப்போது மீறிவிட்டேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீறிய பாவம் என்னோடு போகட்டும். நீ அவளைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் உன்னைக் காத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயப்படுகிறீர்களே.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிடு. நோயின் பேரைச் சொல். பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னதையும் சொல்: இது வந்து குணமாகிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் நாள் பிடிக்கும், வலிக்கும் என்று. உனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல். அழுகை வந்தால் அடக்காதே. சேர்ந்தே அழுங்கள். என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை.

வேன்காரர் கீழே நிற்பார். அவளை ஜன்னலுக்கு வரச் சொல். பின்கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறோம். அவள் கையாட்டினாளா என்று அவரிடம்தான் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பையில் அவளுக்கு ஒரு கவுன் இருக்கிறது, நானே தேய்த்து மடித்தது. போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று இருக்கும். அளவு தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று திருப்பி அனுப்பாதே. இரண்டு வருஷம் கழித்துப் போடுகிற அளவைக் கேட்டுத்தான் வாங்கினேன். பத்திரமாக வை, அவள் அதற்குள் வளர்ந்து வருவாள்.

உன் பதிலுக்காகக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா