கார்டைத் தேய்த்தால் எனக்குச் செய்தி வரும்

பிப்ரவரி 3

தம்பி கல்லூரி விடுதியில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு எப்படிப் பணம் அனுப்புவது என்று எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக் கணக்காளரிடம் கேட்டேன். "ஆப்புல அனுப்பினா நிமிஷத்துல போயிடும், கட்டணமும் கம்மி. ஆனா எங்க செலவாச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. ப்ரீபெய்டு கார்டுக்குக் கட்டணம் ஜாஸ்திதான். ஆனா தம்பி தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் உங்க போனுக்குச் செய்தி வந்துடும்."

அம்மா, அப்பா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். கார்டுதான்.

பிப்ரவரி 12

லென்ஸ் பொருத்திக்கொண்டே போனைப் பார்க்கிறேன். பேக்கரி. சலவைக் கடை. சினிமா தியேட்டர்.

"மத்தியானம் சினிமாவா? வகுப்பு இல்லையா?"

அரை மணி கழித்து மறுபடி செய்தி தட்டினேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

பிப்ரவரி 19

மருந்துக்கடை. உடனே கூப்பிட்டேன். தலைவலியாம். தலைவலி மாத்திரைக்கு இவ்வளவா?

"ரூம்ல இருக்கிறவனுக்கும் சேத்து வாங்கினேன். விடுக்கா."

விடு என்றால் எப்படி விடுவது?

பிப்ரவரி 27

ஒரு வாரமாகக் கார்டை அவன் தொடவே இல்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான்? யாரிடம் கை நீட்டுகிறான்? கேட்டால், "சமாளிச்சுக்கிறேன்" என்று வைத்துவிட்டான். அவ்வளவு ரோஷமா? கார்டு கம்பெனித் தளத்தில் 'கார்டு தொலைந்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்தி முடக்கிவிட்டேன். வேண்டுமென்றால் அவனே கூப்பிடட்டும்.

மார்ச் 1

கூப்பிடவில்லை.

மார்ச் 2

கூப்பிட்டது அவன் அறைத்தோழன். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கிறார்கள். கார்டு வேலை செய்யவில்லை.

கார்டு கம்பெனிக்கு அடித்தேன். "தொலைஞ்சதா முடக்கிட்டீங்க மேடம், இனி புதுக் கார்டுதான் வரும்." பணம் அனுப்பும் ஆப்பை இறக்கி அறைத்தோழன் கணக்கைச் சேர்த்தேன். புதுக் கணக்குக்கு முதல் நாள் அனுப்ப முடியாதாம், பாதுகாப்புக்காம். நிமிஷத்துல போகும்னு சொன்னாரே அந்தக் கணக்காளர் — கார்டையும் என் கையாலேயே மூடிட்டேனே. எழுத வரல. பஸ் பிடிக்கணும்.

மார்ச் 3

ஆஸ்பத்திரி. முன்பணத்தை யாரோ கட்டிவிட்டார்களாம். ட்ரிப்ஸ் ஏறுகிறது. கண் திறந்தான்.

"ஏண்டா முன்னாடியே டாக்டர்கிட்ட போகல?"

"அங்க தேய்ச்சா உடனே நீ போன் பண்ணுவே. உனக்குப் பதில் சொல்றதுக்குக் காய்ச்சலே தேவலைன்னு படுத்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் போய் நின்றேன்.

மார்ச் 9

தேறிவிட்டான், விடுதிக்குத் திரும்பிவிட்டான். புதுக் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஆப்பில், அவன் கணக்குக்கே.

மாலையில் அவனே பேசினான். "முன்பணம் ஒருத்தங்க கட்டினாங்கக்கா. திருப்பித் தரணும்."

அந்த 'ஒருத்தங்க' சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. யார், எந்த ஊர், என்ன பழக்கம் — எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"எவ்வளவுடா?"

சொன்னான். அனுப்பிவிட்டேன்.