ஏழாவது நாள் காய்ச்சல்

பீளமேடு, கோவை.
புதன்கிழமை, காலை பத்து மணி.

அன்புள்ள மெர்சிக்கு,

பிரவின் எழுதுவது. கல்யாணத்துக்கு முன்பு எழுதியதோடு சரி, உனக்குக் கடிதம் எழுதி ஆறு வருஷம் இருக்கும். தினமும் இரண்டு தடவை போனில் பேசுகிறவனுக்கு இது எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்லலாம் என்று மூன்று நாளாக வாயைத் திறக்கிறேன், வேறு பேச்சு வந்து விழுகிறது. உன்னோடு வேலை பார்க்கும் நித்யஸ்ரீ லீவு முடிந்து இன்றைக்கு ஷார்ஜா கிளம்புகிறாள். மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். சனிக்கிழமை நீ விமானம் ஏறுவதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும்.

மேக்னாவுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டதைக் காலையிலேயே சொன்னேன். நீ அழுததும் கேட்டது. சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்றே நாளில் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்களே, நல்லவேளை என்று ஞாயிற்றுக்கிழமை என்னைப் புகழ்ந்தாயே, அந்த மூன்று நாள் பொய் மெர்சி. அன்றைக்கு ஆறாவது நாள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால்வாடியிலிருந்து தூக்கிவரும்போதே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. வியாழக்கிழமை மேலெல்லாம் செக்கச்செவேல் என்று தடிப்பு, கண் இரண்டும் சிவப்பு. எதிர்வீட்டு நஞ்சம்மாக்கா எட்டிப் பார்த்துவிட்டு, அம்மை போட்டிருக்கிறது, ஊசி மருந்து ஆகாது என்றார்கள். அவர்கள் மேல் பழி போட வரவில்லை. ஓடிப்போய் வேப்பிலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகியவன் நான்தான். தாளிப்பை நிறுத்தினேன், சவரத்தை நிறுத்தினேன், பிள்ளைக்கு இளநீரும் கம்மங்கூழும் கொடுத்தேன். ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் மாத்திரையைப் பிரிக்கக் கூடாது என்றே வளர்ந்தவன். உனக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே வேப்பிலையைப் பிடுங்கி எறியச் சொல்வாய். அதனால்தான் பல்லடத்தில் டவர் சரியில்லை என்று வீடியோவை அணைத்துப்போட்டு, பாப்பா தூங்குகிறாள், பாப்பா தூங்குகிறாள் என்று ஒப்பேற்றினேன். நாலு நாள் தூங்குகிற பிள்ளை எங்கேயாவது உண்டா? நைட் டூட்டிக் களைப்பில் நீயும் நம்பிவிட்டாய்.

ஐயாயிரம் கோழியில் பத்துக் கோழி தீவனம் எடுக்காவிட்டால், எந்த நாளில் ஆரம்பித்தது என்று பண்ணைக்காரரைக் குடைந்தெடுக்கிற சூப்பர்வைசர் நான். சொந்தப் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டேன்.

ஞாயிறு காலையில்தான் புத்தி வந்தது. கொப்புளம் ஒன்றுகூட எழும்பவில்லை. ஆனால் உதடு வெடித்து ரத்தம், கழுத்தில் நெறி கட்டியிருந்தது, கையும் காலும் வீங்கிப்போய் செருப்புக்கூட ஏறவில்லை. கம்பெனி வண்டியிலேயே போட்டுக்கொண்டு இங்கே வந்தேன். சீட்டு எழுதுகிற இடத்தில் என் சம்சாரம் ஷார்ஜாவில் ஸ்டாஃப் நர்ஸ் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து மானசா டாக்டர் வந்து காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டபோது, நர்ஸ் புருஷன் ஆறு நாள் காய்ச்சலுக்கு வேப்பிலை செருகி உட்கார்ந்திருந்தான் என்று எப்படிச் சொல்ல? மூன்று நாள் என்றேன். கூசாமல் வந்தது.

மூன்று நாள்தானே, வேறு வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம், ரத்தமும் இதய ஸ்கேனும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அன்றைக்கு நிறுத்திக்கொண்டார். அப்படி ஒரு ராத்திரி வீணாகப் போனது. என் பொய்க்காகப் போனது.

திங்கள் காலையில் டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். உனக்குத் தெரிந்ததுதான், எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நோயின் பெயர் காவசாக்கி. கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் வீங்கிவிடும். இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தை ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும், சில பிள்ளைகளுக்கு அது கேட்காது. கேட்காத பிள்ளை எது என்று முன்கூட்டியே கணிக்க ஜப்பானில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்களாம். வயது, ரத்தத்தில் உப்பு, ஈரல் கணக்கு, எத்தனாவது நாளில் மருந்து ஏறுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. சீக்கிரமே மருந்து தேவைப்படுகிற பிள்ளைக்கு நோய் மூர்க்கமாக இருக்கும் என்று அங்கே கண்டிருக்கிறார்களாம், அதனால் நாலு நாளுக்குள் என்றால் இரண்டு புள்ளி கூடும். மேக்னாவுக்கு மொத்தம் ஐந்து வந்திருந்தது. அபாயம் அதிகம், அதனால் ஸ்டீராய்டும் சேர்த்தே ஆரம்பிக்கலாம் என்று எண்ணுவதாகச் சொல்லிவிட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிச்சுதுன்னு உறுதியாத் தெரியுமுங்களா? இதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணோணும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இல்லீங்க. இன்னைக்கோட ஏழு நாளுங்க. அம்மைன்னு நெனச்சு ஊட்லயே வெச்சிருந்துபோட்டேனுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்த மூன்றை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். நாள் மாறியதும் புள்ளி ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. பார் கூத்தை, உண்மையைச் சொன்னதும் பிள்ளைக்கு அபாயம் குறைந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சந்தோஷப்பட வேண்டாம் என்று அவரே தடுத்தார். அது ஜப்பான் பிள்ளைகளைப் பார்த்துப் போட்ட கணக்கு, நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சரியாகப் பொருந்துவதில்லை. நாள் தள்ளிப்போனது குழாய்க்கு நல்லதும் இல்லை என்றார். இருந்தாலும் ஸ்கேனில் குழாய் அளவு அன்றைக்கு ஒழுங்காக இருந்ததால் முதல் மருந்தை மட்டும் ஏற்றினார்கள். காலை பத்துக்கு ஆரம்பித்து இரவு எட்டுக்கு முடிந்தது. முடிந்ததிலிருந்து முப்பத்தாறு மணி நேரம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

செவ்வாய் முழுக்கக் காய்ச்சல் இல்லை. ஒன்றரை இட்லி சாப்பிட்டாள், நர்ஸிடம் வளையல் கேட்டாள். நான் கீழே போய் ஒரு வாரத் தாடியை எடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு வைத்துப் பார்த்தால் நூற்றி ஒன்றுக்கு மேல் போய்விட்டது. கேட்காத பிள்ளைகளில் நம் பிள்ளையும் ஒன்று. இன்னொரு தடவை அதே மருந்தும், இந்த முறை ஸ்டீராய்டும் சேர்த்து இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்கேன்.

மெர்சி, இப்போது என் தலையைப் போட்டுக் குடைவது இதுதான். ஆரம்பத்திலேயே உண்மை சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே மருந்து ஏறியிருக்கும். திங்கட்கிழமையும் பொய்யையே பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு மருந்தும் சேர்ந்து ஏறியிருக்கும். இரண்டிலும் நான்தான் பிள்ளையைக் கெடுத்தேன். டாக்டரிடம் கேட்டும்விட்டேன், என்னால்தான் காய்ச்சல் திரும்பியதா என்று. யாராலும் சொல்ல முடியாது, ஒரு நாளில் கொண்டுவந்த பிள்ளைக்கும் திரும்பியிருக்கிறது, பத்து நாள் கழித்து வந்ததற்கும் உடனே இறங்கியிருக்கிறது என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. எனக்கு ஆறுதலாக இல்லை. ஆமாம் என்றால் ஆமாம் என்று தலையில் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

நீ வந்ததும் முதலில் அவள் ஃபைலைத்தான் எடுப்பாய். அடித்து எழுதியிருப்பதைப் பார்த்து இங்கே யாரிடமும் சண்டைக்குப் போகாதே. அவர்கள் மேல் தப்பு இல்லை.

என் மேல் உனக்கு இனி நம்பிக்கை இருக்காது என்பது தெரியும். கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. உன் சாமியிடம் எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம், வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு மட்டும் கேள். நானும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வந்து நன்றாகத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வந்த உடனே வேண்டாம். நேற்று சாயங்காலம் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா என்னைய நல்லாப் பாத்துக்கிட்டாருன்னு அம்மாகிட்டச் சொல்லுவனே" என்றாள். நீ வருகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அதைச் சொல்லி முடிக்கட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

பத்திரமாக வந்து சேர்.

உன்,
பிரவின்குமார்