மருமகனோடு நடந்த வழிகள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடியும்போது சாரல், பிறகு வெறித்துவிட்டது. வாங்க: சுகர் மாத்திரை, சோப்பு, தேங்காய் எண்ணெய், குடைக்கு ஒரு கம்பி.

வினோ நேற்று துபாயிலிருந்து வந்தான். மகள் ஷைனி போய்ச்சேர்ந்த பிறகு இது இரண்டாவது லீவு. போன தடவை போலவே பெட்டியைத் தக்கலையில் அண்ணன் வீட்டில் போட்டுவிட்டு நேரே இங்கே. அவனுக்குப் பெற்ற அம்மை சின்ன வயதிலேயே இல்லை. மகள் இல்லாத வீட்டுக்கு மருமகன் எதற்கு வருகிறான் என்று தெருவில் கேட்பார்கள். கேட்கட்டும்.

டாக்டர் சொன்னதை அவனிடம் உளறிவிட்டேன். தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி.

"நடக்கியளா?"

"முற்றத்துல நடக்கேன்."

"அது ஒரு நடையா மாமி? நாளைக்கு பஸ் ஏறி எங்கயாவது போவோம். ஏத்தம் இல்லாத வழியா நான் பாக்கேன்."

இரண்டு வருஷமாக சர்ச், மருந்துக்கடை. வேறு எங்கும் இல்லை. சரி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வில்லுக்குறி. இரண்டு பஸ். எனக்கு இலவச டிக்கெட், அவனுக்குக் காசு. "மாமிகூட வந்தா எனக்கும் ஓசி கிடையாதா?" என்று கேட்டான். கண்டக்டர் சிரித்தார்.

இறங்கி சானல் கால்வாய்க் கரையோடு நடை. மேடு பள்ளம் இல்லை. தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் நெல். துணி துவைக்கிற பெண்கள். "ஏட்டி, சோப்பு வெள்ளத்துல போவுது பாரு!" ஒருத்தி பாவாடையோடு தண்ணீரில் சாடி எடுத்தாள். சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிது.

எதிரே புல்லுக்கட்டோடு வந்தவர் நின்று கேட்டார், "மவனா?"

நான் வாய் திறப்பதற்குள் வினோ, "ஆமா."

அவன் முன்னால் போய் வழியில் கிடந்த முள்ளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தான்.

கால் வீக்கம். வெந்நீர். இரவு அயல மீன் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. நடை இல்லை. வினோ அண்ணன் வீட்டில்.

பக்கத்து வீட்டு கிரேஸ் அக்கா குடையோடு வந்தாள். கறிவேப்பிலை கேட்கத்தான் வந்தாளாம். "ஒனக்குத் தெரியாதா? வினோவுக்குப் பெண்ணு பாத்திருக்காவ. சிதறால் மலைக்குக் கீழ வீடு. நடைபாதை தொடங்குத எடத்துல மோர்க்கடை வச்சிருக்காவ. ஒரு தடவ கல்யாணம் கெட்டி, ஒத்துப்போவாம வந்த பிள்ள. அனிதாண்ணு பேரு."

"தெரியும்" என்றேன். பொய். அவள் போகும்வரை சும்மா நின்றேன். சோறு அடிப்பிடித்தது.

அவனுக்கு முப்பத்தாறு வயதுதான். பிள்ளை இல்லை. அங்கே ஒற்றை அறையில் தானே பொங்கித் தானே தின்கிறான். கெட்டுவதுதான் நியாயம்.

நியாயம் என்று எழுதியாயிற்று. வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 23, சனி

வெயில், நல்ல காற்று. மாத்தூர் தொட்டிப்பாலம். திருவட்டாறு பஸ்ஸில் நிற்க இடமில்லை, பள்ளிப் பிள்ளைகள் எழுந்து இடம் தந்தன.

வழியெல்லாம் வினோ எதையோ சொல்ல வருவதும் நான் வேறு எதையாவது பேசுவதும். அன்னாசிப்பழம் இப்போது இனிப்பே இல்லை. ரப்பர் மரத்துக்கு ஏன் பிளாஸ்டிக் கட்டியிருக்கிறார்கள். குரங்கு. வாயில் வந்ததெல்லாம்.

பாலத்தின் மேல் பாதை குறுகல். பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கீழே வெகு ஆழத்தில் ஆறு, தென்னை மரங்களின் உச்சி. பாதி வழியில் எனக்குத் தலை சுற்றியது. கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே, "மாமி, ஒரு காரியம் சொல்லணும்."

"தெரியும். சிதறால்."

முகம் வெளுத்துவிட்டது. "ஆரு சொன்னா?"

"ஊரு சொல்லிச்சு. நீதான் சொல்லல்ல."

"சொல்லதுக்குத்தானே இங்கயெல்லாம் விளிச்சிட்டு வாறேன்? வீட்டுல வச்சு முடியல்ல மாமி. அங்க அவளுக்க போட்டோ இருக்கு." பிறகு, "எனக்கு அம்மை இல்ல. நீங்க வந்து அந்தப் பிள்ளயப் பாக்கணும். நீங்க வேண்டாம்ணா வேண்டாம்."

"எனக்க மொவ இருந்த எடத்துக்கு ஆளு பாக்க என்னயே விளிக்கியா?"

சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. வினோ கையை விட்டான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழேயே பார்த்துக்கொண்டு நின்றான். விழுந்துவிடுவானோ என்று எனக்குப் பேடியாக இருந்தது. "வா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் முன்னால், அவன் கடைசி சீட்டில். தக்கலையில் இறங்கிப் போய்விட்டான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எப்போதும் சொல்கிறவன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. போன் வரவில்லை. நானும் போடவில்லை.

மத்தியானம் ஷைனி போட்டோவைத் துடைத்தேன். துணி காயப்போட்டுக்கொண்டு நின்றவள், அப்படியே விழுந்தாள். மூளையில் ரத்தம். மூன்றாம் நாள் முடிந்தது. வினோவும் அப்படித்தானே விழுந்தான், விழுந்தது வெளியே தெரியவில்லை. அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தான், நீர் கோர்க்கிறது என்று. அதையெல்லாம் மறந்துவிட்டுப் பாலத்தில் கத்தினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிதறால் போனேன். தனியாக. யாரிடமும் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்தில் பஸ் மாற வேண்டும். கேட்டுக் கேட்டு ஏறினேன். டிரைவர், "மலைக்கா அம்மா? பய்ய ஏறுங்க, கல்லு வழுக்கும்."

நினைத்ததுபோல் கடினம் இல்லை. கல் பாவிய பாதை, இருபக்கமும் முந்திரி காய்க்கிற கொல்லாமரம். இடையிடையே உட்கார்ந்து போனேன். மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய உருவங்கள், பலவும் கண்மூடி உட்கார்ந்தபடி. கீழே ஆறும் தென்னந்தோப்பும். அங்கேயே இருந்துவிட்டு, மோர்க்கடையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறலாம் என்றுதான் எண்ணம்.

இறங்கி வரும்போது நாக்கு வறண்டுவிட்டது. மோர் கேட்டேன். கொடுத்த பெண் ஒல்லி, கண்ணாடி, கையில் மிளகாய் வாசனை. நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இருங்க மாமி. நீங்க அவருக்க மாமிதானே? கல்யாண போட்டோ காட்டினாரு. பச்ச சேல உடுத்து நின்னிய."

போயிருக்கலாம். உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அக்கா எப்பிடி உள்ள ஆளு?"

யாரைச் சொல்கிறாள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஷைனியை அக்கா என்கிறாள்.

"அவருகிட்ட கேட்டா கண்ணு நெறஞ்சிருது. ஒண்ணும் தெரியாம நான் அந்த வீட்டுல எப்பிடி இருக்கது?"

இரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் கிடந்தாள், முதலிலேயே தலைவலி இருந்ததா. எல்லாரும் சாவைத்தான் கேட்டார்கள்.

சொன்னேன். தவளைக்குப் பயம். பாடினால் சுதி சேராது, பாடாமலும் இருக்க மாட்டாள். கோபம் வந்தால் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். புட்டுக்கு மீன்குழம்பு வேண்டும், பழம் வேண்டாம். அப்பா செத்தபோது ஏழாம் வகுப்பு. அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்து, "அம்மா நீ அழு, நான் முழிச்சிருக்கேன்" என்றாள். அதை இதுவரை வினோவிடம்கூடச் சொன்னதில்லை.

யாரோ மோர் கேட்டு நின்றார்கள். "சித்தநேரம் நில்லுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் ஏற்றிவிட வந்தாள். "இன்னும் வருவியளா மாமி?" பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவள் நல்லவளாக இல்லாமல் இருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 27, புதன்

வினோவுக்குப் போன் போட்டேன்.

"பாத்தேன்."

"ஆர மாமி?"

"அனிதாவ. கேக்கத் தெரிஞ்ச பிள்ள. கெட்டிக்கோ."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். கடைசியில், "அப்போ சர்ச்சுல அம்மைக்க எடத்துல வந்து நிக்கியளா?"

"அது மட்டும் என்னால முடியாது மோனே."

"சரி மாமி. கேட்டதுல வருத்தம் உண்டா?"

"இல்ல. நீ கேக்காம இருந்தாத்தான் வருத்தம்."

ஊசி பற்றி டாக்டர் இன்னும் முடிவு சொல்லவில்லை. தினமும் நடக்கிறேன், ரயில்வே ஸ்டேஷன் வரை.

செப்டம்பர் 1, திங்கள்

மேகம். கிரேஸ் அக்கா, "கல்யாணத்துக்குப் போறியா?" இல்லை என்றேன். "நல்லது, போவாத." என்ன நல்லதைக் கண்டாள்.

கருங்கல் சர்ச்சில் வியாழக்கிழமை. லீவு முடிவதற்குள் முடித்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

வெயில். வீட்டில் இருக்க முடியவில்லை. அழுதால் சுவர் தாண்டிக் கேட்கும். தேங்காப்பட்டணம் பஸ். ஆறு கடலில் சேருகிற பொழிமுகம், மணலில் நடக்கலாம், அலைச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

பஸ் கருங்கல் வழியாகப் போகும் என்பது ஏறும்போது தெரியும். தெரிந்துதான் ஏறினேன்.

கருங்கல் சந்தையில் நெரிசல். பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் பூ ஒட்டிய வெள்ளைக் கார். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் வினோ. கோட்டு போட்டு, தனியாகப் பின்சீட்டில். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். வேர்வையா என்ன என்று தெரியவில்லை. கையை நீட்டினால் காரின் கூரையைத் தொடலாம். கூப்பிட நினைத்தேன். பஸ் நகர்ந்துவிட்டது.

பொழிமுகத்தில் ஆள் இல்லை. வலை உலர்த்துகிற இருவர், தூரத்தில். மணலில் கொஞ்சம் நடந்தேன். உட்கார்ந்தேன். அழுதேன், வாய்விட்டு, வேண்டுமட்டும். அவள் பேரைச் சொல்லிச் சொல்லி.

பிறகு போன் வந்தது.

"கல்யாணம் கழிஞ்சுது மாமி."

"நல்லா இரு. அனிதாட்டயும் சொல்லு."

"காத்து இரையுதே. எங்க நிக்கிய?"

"நடக்க வந்தேன்."

சாப்பிட்டியா என்றேன். இல்லை என்றான். பின்னால் கூட்டம், யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். போனை வைக்கவில்லை.

"மாமி, இனி நான் உங்கள என்னண்ணு விளிக்கணும்?"

"எப்பிடியாவது விளி மக்கா. விளிக்காம மட்டும் இராத."