வளைவில் விலகும் பிளேடு

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் மறுபடியும் மின்சாரம் போய்விட்டது. ஜானிபெக்கின் பழைய ஜிக்சா ரம்பம், பலகையில் வரைந்த ஒரு துலிப் கொடியின் கழுத்தில் பாதி வெட்டிய நிலையில் நின்றது. இந்தக் குளிர்காலத்தில் இப்படி எத்தனையாவது முறை!

கலீமா அக்காவின் விருந்தினர் விடுதிக்குப் பன்னிரண்டு ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் மேலே கிரீடம் மாதிரி ஒரு பலகை, இரண்டு பக்கமும் துலிப் கொடி. மே மாதம் ஏரிக்கு ஆட்கள் வரத் தொடங்குமுன் எல்லாவற்றையும் மாட்டியாக வேண்டும்.

சாய்க்கல் சொன்னாள்: "பேட்டரில ஓடற ஜிக்சா ஒண்ணு வாங்கிடலாம் அண்ணி. ஏணி மேல நின்னு வெட்டறதுக்கும் எனக்குத் தோதா இருக்கும்."

'எனக்கு' என்கிறாள். மாட்டுவதும் வர்ணம் அடிப்பதும் அவள் வேலை, வெட்டுவது என் வேலை. அவள் அண்ணன், என் கணவர் ஜானிபெக் இறந்து இந்த இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. நாத்தனாருக்கு இப்போது ஜிக்சா எதற்கு?

பிப்ரவரி 11, ஞாயிறு

கடைத்தெருவில், பழைய கப்பல் கொள்கலனுக்குள் தில்முராத் நடத்தும் கருவிக் கடைக்குப் போனோம். மூன்று ஜிக்சாக்களை எடுத்து வைத்தான். இரண்டில் மேலே வளைந்த கைப்பிடி. மூன்றாவதில் கைப்பிடியே கிடையாது, உடம்பையே பிடித்து ஓட்ட வேண்டும். கை மரத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் என்பதால் வளைவுக்கு அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அசல்தானா? பெட்டியின் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி எடையைப் பார்த்தேன். பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து, பிளேடு அடித்தட்டுக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று வைத்துப் பார்த்தேன். பிளேடைப் பக்கவாட்டில் அசைத்தேன். அசைவு இல்லை.

"அக்கா, மோந்துகூடப் பாத்துட்டீங்க. நக்கிப் பாக்கறதுதான் பாக்கி" என்றான் தில்முராத்.

சாய்க்கல் சிரித்தாள். இரண்டு பேருக்கும் முன்பே பழக்கமோ?

மூன்றாவதையே வாங்கினேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நன்றாக ஓடுகிறது. சத்தம் குறைவு, ஒயர் காலில் சிக்குவதில்லை. எனக்கே நினைவுக்கு: நேர் வெட்டுக்கு அகலப் பிளேடு, பிளேடு முன்னும் பின்னும் ஆடும் ஆட்டத்தை இரண்டில் வைக்கலாம். வளைவுக்கு ஒடுங்கிய பிளேடு, ஆட்டம் பூஜ்யம். கோட்டின் மேல் காகித நாடா ஒட்டினால் சிராய் பெயர்வதில்லை. பட்டறைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்கிறது, அடுப்படியில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 20

வளைவில் விலகுகிறது. மேலே கோட்டில் இருக்கிறது, அடியில் இரண்டு மில்லிமீட்டர் வெளியே.

பிப்ரவரி 22, வியாழன்

போலியைத் தலையில் கட்டிவிட்டான். நினைத்தேன், அப்போதே நினைத்தேன். பெட்டியோடு கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன்.

தில்முராத் ஒரு துண்டுப் பலகையை எடுத்து, பேசிக்கொண்டே ஒரு அரைவட்டம் வெட்டினான். மூலைமட்டத்தை வைத்தேன். மேலும் கீழும் ஒன்றாக இருந்தது.

"நீங்க அழுத்தறீங்க அக்கா. அழுத்தினா பிளேடு அடியில வளைஞ்சிடும். சும்மா தாங்கிப் பிடிங்க, அதுவே போகும்."

இருபது வருடமாக மரம் வெட்டுகிறேன், எனக்குச் சொல்கிறான். அந்தத் துண்டு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த மிருதுவான மரமாக இருக்கும். நான் கொடுத்த பலகையில் வெட்டச் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை. வேறு பிளேடு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 1

கிண்ணம் கை தவறி உடைந்தது. விளிம்பில் எண்ணெய் இருந்திருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

நேற்று மாலை நானே பார்த்தேன், பேட்டரியில் நான்கு விளக்கும் எரிந்தன. இன்று காலை இரண்டுதான். மேசையைக் கூட்டிவிட்டுத்தான் பூட்டினேன், இப்போது இடுக்கில் புதிய மரத்தூள். பட்டறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று—

கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வாள். பார்க்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினத்துக்கு சாய்க்கல் மஞ்சள் பூங்கொத்தும் கேக்கும் வாங்கி வந்திருக்கிறாள். போன வருடம் ஒரு சோப்பு கொடுத்தாள். இந்த வருடம் ஏன் இவ்வளவு பாசம்?

"கை எப்படி இருக்கு அண்ணி?" என்றாள்.

"கை கை மாதிரி இருக்கு" என்றேன்.

மார்ச் 14, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்றாவது ஜன்னலின் இடது கொடியில் துலிப்பின் கழுத்து எனக்குக் கொஞ்சம் கோணலாக வந்தது நினைவிருக்கிறது. உப்புத்தாள் போட்டு ஒப்பேற்றி அடுக்கில் வைத்தேன். இன்று அந்தக் கொடியில் ஒரு குற்றமும் இல்லை! திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் 3 என்று இருந்தது. நான் மூன்றுக்கு மேல்கோடு நேராக இழுப்பேன், இது உருண்டை மூன்று. அடுப்புக்கு விறகு போடும் பெட்டியைக் கிளறினேன். என் கொடி மூன்று துண்டாகக் கிடந்தது.

நான் வெட்டியதை விறகாக்கிவிட்டு, தன்னுடையதை வைத்திருக்கிறாள். எதற்கு? தெரியாதா எதற்கென்று. இதோ பாருங்கள், அண்ணி இல்லாமலே வேலை நடக்கும் என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் காட்டுவதற்கு. ஜானிபெக்கின் நாற்பதாம் நாள் விருந்தன்று அவள், குடும்பத்துக்கு மூத்தவரான பெரியத்தையிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்: "பட்டறை எங்க அப்பா கட்டினது." மறப்பேனா?

மார்ச் 17, ஞாயிறு

அளவு பார்க்கிற சாக்கில் கலீமா அக்கா வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்து அஷ்லான்ஃபு கொடுத்தார், காடி விட்ட குளிர்ந்த நூடுல்ஸ். சுற்றி வளைத்து, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப அருமையா இருக்கு. மொத ரெண்டு ஜன்னல்தான் கோணலா இருந்துச்சு. சாய்க்கல்கிட்ட சொன்னேன், ரெண்டே நாள்ல மாத்திட்டாளே. ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். கரண்டி கையிலிருந்து நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது, மேசையெல்லாம் காடி. அவர் துடைத்துக்கொண்டே என் கையையே பார்த்தார். கோபத்தில் எல்லாருக்கும் கை நடுங்கும்.

என் முதுகுக்குப் பின்னால் என் வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறாள்.

மார்ச் 19, செவ்வாய்

கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பினேன். உச்சி வெயில். ஜிக்சாவின் சத்தம் வாசல் வரை கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாக்கைப் பல்லிடையே கடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், மெல்ல மெல்ல வளைவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுத்தவே இல்லை. உள்ளே போய் பேட்டரியைப் பிடுங்கினேன்.

"திருடி" என்றேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை, அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. "உக்காருங்க" என்றாள்.

"எதுக்கு உக்காரணும்? இது உங்க அப்பா கட்டின பட்டறைல்ல? நீயே உக்காரு!"

"உங்க கை சரியில்ல அண்ணி. புது வருஷத்துலேர்ந்து பாக்கறேன். விரல் உங்க பேச்சக் கேக்கல, அதான் போட்டு அழுத்தறீங்க. பழைய மெஷின்ல வெட்டினதும் கோணல்தான். நீங்க மெஷினைத் திட்டினீங்க, தில்முராத்தைத் திட்டினீங்க, எண்ணெயைத் திட்டினீங்க."

"சொல்றதுக்கு என்ன கேடு? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? பட்டறையப் பிடுங்கப் பாக்கறாள்னு சொல்லியிருப்பீங்க. ஆமாவா இல்லையா?"

அப்படியானால் பெரியத்தையிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "சொன்னேன்தான். உங்களை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பேசினாங்க. எங்க அப்பா கட்டினது, அண்ணிய யாரும் இங்கேர்ந்து அனுப்ப முடியாதுன்னு சொன்னேன். நீங்க பாதிதான் கேட்டிருக்கீங்க."

அப்படித்தானா? பெரியத்தை போன இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரைக் கேட்பது இனி? இவள் சொல்வதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா—

மார்ச் 20, புதன்

கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தேன். கண்ணை மூடி, முரட்டு உப்புத்தாளையும் வழவழப்பானதையும் வலது கட்டைவிரலால் தடவினேன். எது எது என்று தெரியவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் தெரியவில்லை. நடுவிரலுக்கும்.

விடிகாலையில் கை மரத்துப்போவதைக் குளிர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

ஏப்ரல் 3, புதன்

மருத்துவமனை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம், இன்னும் விட்டுவைத்தால் கட்டைவிரல் வலுவிழந்துபோகும் என்றார் டாக்டர். சின்ன அறுவைதான். அதிர்கிற எதையும் தொடக்கூடாது. இருபது வருட அதிர்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அறுவைக்கு மே இருபதாம் தேதி கிடைத்தது.

என்னைவிட சாய்க்கல்தான் நிறையக் கேள்வி கேட்டாள். எத்தனை மாதம் வெட்டக்கூடாது என்று இரண்டு முறை. இரண்டு முறை ஏன் கேட்கிறாள்?

ஏப்ரல் 11

நான் வரைகிறேன், அவள் வெட்டுகிறாள். வாயை அடக்க முடியவில்லை. "கோட்டுக்கு வெளியில போ, கோட்டுக்கு வெளியில, உள்ள போனா ஒட்டவா முடியும்?"

"நீங்க வெளியில போனீங்கன்னா பிளேடு தானா கோட்டுல போகும்."

போகவில்லை. ஆனால் ஸ்டூலைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

பதினொன்றாவது ஜன்னலின் கிரீடத்தில் அவள் ஒரு இதழைத் தவறாக அறுத்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதுவானேன். பிறகு அந்த இதழை மொட்டாக மாற்றி வரைந்து கொடுத்தேன். மறுபக்கமும் மொட்டு வைத்தால் வேண்டுமென்றே செய்தது மாதிரி இருக்கும்.

மே 6

பன்னிரண்டும் மாட்டியாயிற்று. கலீமா அக்காவுக்கு மொட்டு வைத்ததுதான் பிடித்திருக்கிறதாம்.

மே 21, செவ்வாய்

இது அண்ணியின் கையெழுத்து இல்லை. நேற்று அறுவை முடிந்தது. வலது கையில் பெரிய கட்டு. அண்ணி சொல்ல சாய்க்கல் எழுதுகிறேன். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், முன் பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று கட்டளை.

அண்ணி சொல்வது: விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. நல்ல அறிகுறி என்கிறார்கள். மேலத்தெருவில் ஒரு வீட்டு முகப்புக்கு வேலை வந்திருக்கிறது, சாய்க்கல் என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

இது சாய்க்கல்: நான் கேட்டேன். கையை அறுப்பதற்குச் சற்று முன்னால், தலையாட்டினார்.

அறுவைக்கு ஊசி போட்டுப் படுத்திருப்பவளிடம் கேட்டது கேட்டதாகாது என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

வேறென்ன என்றேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். போதவில்லை. நோட்டை இடது கையால் வாங்கி, வரி வரியாகத் தானே ஒரு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கும் நீயே எழுது" என்றார்.